சுவர் விரிசலைப் பார்க்க யாரைக் கூப்பிடுவது?

சுவரில் கோடு விழுந்ததும் நாம் முதலில் கூப்பிடுவது வீடு கட்டிய மேஸ்திரியை, அவர் கிடைக்காவிட்டால் பெயின்டரை. அவரும் வந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ஏர் கிராக்தாங்க, பட்டி பார்த்து அடிச்சா போயிடும்" என்பார். பெரும்பாலான வீடுகளில் அவர் சொல்வது சரியாகவும் இருக்கும். சரியாக இல்லாத வீடுகளில்தான் பட்டி மேல் பட்டி பார்த்து, வருஷா வருஷம் கலர் மாற்றி, உள்ளே கம்பி துருப்பிடித்து சன்ஷேடு பெயர்ந்து விழும்வரை விஷயம் போகிறது. இன்னொரு பக்கம், யூடியூபில் நாலு வீடியோ பார்த்துப் பயந்துபோய், வெறும் பூச்சு வெடிப்புக்கு வீடு முழுக்க கெமிக்கல் ஏற்றிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் நடப்பது ஒன்றுதான். விரிசலுக்குக் காரணம் சொன்னவரே அதற்கான வேலையையும் விற்றிருக்கிறார்.

அதனால் இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள்: பார்த்துச் சொல்பவர் வேறு, ரிப்பேர் செய்பவர் வேறாக இருக்கட்டும். பார்த்துச் சொல்வதற்கென்றே தனியாகக் காசு கொடுங்கள். "சும்மா ஒரு தடவை வந்து பாருங்க சார்" என்று இன்ஜினியரைக் கூப்பிட்டால் அவரும் சும்மாதான் பார்த்துவிட்டுப் போவார். "ஃப்ரீ இன்ஸ்பெக்‌ஷன்" என்று போர்டு வைத்திருக்கும் வாட்டர்புரூஃபிங் கம்பெனிக்காரர் கண்ணுக்கு எல்லா விரிசலும் வாட்டர்புரூஃபிங் செய்ய வேண்டிய விரிசலாகவே தெரியும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர் பிழைப்பு அது.

கூப்பிடும் முன் நீங்களே பார்க்க வேண்டியது

யாரைக் கூப்பிடுவது என்பது எந்த மாதிரி விரிசல் என்பதைப் பொறுத்தது. அதைக் கண்டுபிடிக்க இன்ஜினியரிங் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு டார்ச், ஒரு பென்சில், பர்ஸில் இருக்கும் பழைய ஏடிஎம் கார்டுகள் இரண்டு மூன்று போதும்.

ஏடிஎம் கார்டு எதற்கென்றால், அதன் கனம் முக்கால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. விரிசலுக்குள் கார்டு நுழையவில்லை என்றால் அது மெல்லிய விரிசல். மூன்று கார்டைச் சேர்த்துச் செருகினாலும் நுழைகிறது என்றால் இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். இன்று பிஐஎஸ் என்று சொல்லும் இந்தியத் தர நிர்ணய அமைப்பு, ஐஎஸ்ஐ என்ற பெயரில் இருந்த காலத்தில், 1984ல், கட்டட விரிசல்களுக்கென்றே எஸ்பி 25 என்று ஒரு கையேடு போட்டது. அதில் ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தால் மெல்லியது, ஒன்றிலிருந்து இரண்டு வரை நடுத்தரம், அதற்கு மேல் அகலமானது என்று பிரித்திருக்கிறார்கள். அகலத்தை மட்டும் வைத்து ஆபத்தா இல்லையா என்று முடிவு கட்டிவிட முடியாது, ஆனால் போனில் "பெரிய கிராக் சார்" என்று சொல்வதைவிட "மூணு கார்டு உள்ள போகுது சார்" என்று சொன்னால் அவருக்கு உடனே புரியும்.

அடுத்து, சுவரின் மறுபக்கம் போய்ப் பாருங்கள். ஹாலில் தெரியும் விரிசல் அதே இடத்தில் வெளிப்பக்கமும் தெரிந்தால் அது பூச்சோடு நிற்கவில்லை, செங்கல்வரை போயிருக்கிறது. மறுபக்கம் சுத்தமாக இருந்தால் பூச்சில் மட்டும் இருக்க வாய்ப்பு அதிகம். சந்தேகம் தீராவிட்டால் கொத்தனாரை விட்டு விரிசல்மேல் ஒரு ஜாண் நீளத்துக்குப் பூச்சைக் கொத்தி எடுக்கச் சொல்லுங்கள். செங்கல் முழுசாக இருக்கிறதா, செங்கலுக்கு நடுவே இருக்கும் சாந்தில் பிளந்திருக்கிறதா, செங்கலே உடைந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடலாம்.

அப்புறம் எந்த இடம், எந்தத் திசை என்று பாருங்கள். பில்லரும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில், அல்லது பீமுக்குக் கீழே சுவர் முடியும் இடத்தில் நேர்க்கோடாக ஒரு விரிசல் வந்தால், அது அனேகமாக காங்கிரீட்டும் செங்கல்லும் வெயிலுக்கு வேறு வேறு அளவில் விரிந்து சுருங்குவதால் வருவது. பூசும்போது அந்தச் சந்தில் கோழிவலை வைத்து அடிக்காமல் விட்டிருப்பார்கள். சுவிட்ச் போர்டிலிருந்து மேலே நேராகப் போனால் எலெக்ட்ரீஷியன் காடி வெட்டி பைப் பதித்துச் சரியாக மூடாத இடம். இந்த ரகங்களுக்கு நல்ல கொத்தனாரே போதும், இன்ஜினியரைத் தேடி அலைய வேண்டாம். பில்லர் இல்லாமல் சுவர்மேலேயே தளம் உட்கார்ந்திருக்கும் வீடுகளில், மேல்மாடியில், தளத்துக்குக் கொஞ்சம் கீழே படுக்கைவாட்டில் ஓடும் விரிசல் தளம் வெயிலில் விரிந்து சுவரின் தலையைத் தள்ளுவதால் வரும். அதற்குக் கொத்தனாரிடம் போகும் முன் ஒரு சிவில் இன்ஜினியரிடம் கேட்டுக்கொள்வது நல்லது, ஏனென்றால் தளத்தின் சூட்டைக் குறைக்காமல் விரிசலை மட்டும் அடைத்தால் அடுத்த சித்திரையில் அது திரும்ப வந்துவிடும்.

இன்ஜினியர் கண்டிப்பாகப் பார்க்க வேண்டியவை வேறு. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக, படிக்கட்டு மாதிரி செங்கல் வரிசையைப் பிடித்து ஏறும் விரிசல், ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒடுங்கியும் இருக்கும் விரிசல், கூடவே கதவு மூட முடியாமல் சட்டத்தில் இடிப்பது, தரையும் சுவரும் சேரும் இடத்தில் இடைவெளி விடுவது. இதெல்லாம் அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்குவதைக் காட்டலாம். பீம், பில்லர், தளத்தின் அடிப்பக்கம் ஆகியவற்றில் கம்பி போகும் திசையிலேயே விரிசல், அதன் ஓரத்தில் காவிக்கறை, தட்டினால் பொத் என்று சத்தம் வந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதிக்கொண்டிருக்கிறது. இரும்பு துருவாக மாறும்போது இருந்த இடத்தைப் போல சில மடங்கு இடம் கேட்கும், அதுதான் காங்கிரீட்டை உடைத்துத் தள்ளுகிறது. பெசன்ட் நகர், திருவான்மியூர், எண்ணூர் என்று கடலோரத்தில் வீடு இருப்பவர்களுக்கு இது பழக்கப்பட்ட காட்சி.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பில்லரில் விரிசல் விட்டுப் பக்கவாட்டில் உப்புகிறது, பீம் கண்ணுக்குத் தெரிந்து தொங்குகிறது, இரண்டு நாளில் விரிசல் அகலமாகியிருக்கிறது, சிமெண்ட் துண்டு துண்டாக உதிர்கிறது என்றால் யாரைத் தேடலாம் என்று உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்காதீர்கள். ஆட்களை வெளியே கூட்டி வாருங்கள், மேல்மாடியில் இருப்பவர்களையும் சேர்த்து. தீயணைப்புத் துறைக்கு 101. முட்டுக் கொடுப்பதைக்கூட விஷயம் தெரிந்தவர் வந்து எங்கே கொடுப்பது என்று காட்டிய பிறகுதான் செய்ய வேண்டும்.

அவசரமில்லாத விரிசலுக்கு இன்னொரு சின்ன வேலை. விரிசல் இரண்டு பக்கமும் முடியும் இடத்தில் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதுங்கள். நடுவில் குறுக்காக ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்து இரண்டு முனையிலும் ஒட்டுங்கள். விரிசல் இன்னும் நகர்ந்தால் கண்ணாடி உடையும், நின்றுபோன பழைய விரிசல் என்றால் அப்படியே இருக்கும். பூச்சின்மேல் ஒட்டாமல், பூச்சைக் கொத்திச் செங்கல்மேல் ஒட்டினால்தான் இந்தச் சோதனைக்கு மதிப்பு. மாதம் ஒரு போட்டோ, ஒவ்வொன்றிலும் பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுங்கள்.

கரிசல் மண் பகுதிகளில் இது ரொம்ப முக்கியம். கோவில்பட்டிப் பக்கம் எங்கள் சொந்தக்காரர் வீட்டில் மே மாதம் விரல் நுழைகிற அளவுக்கு இருக்கும் விரிசல் கார்த்திகையில் போனால் வெறும் கோடாக இருக்கும். மழையில் மண் ஊதி வீட்டைத் தூக்குகிறது, கோடையில் சுருங்கி இறக்குகிறது. அதைக் கோடையில் சிமெண்ட் வைத்து இறுக்கமாக அடைத்துவிட்டு, மழை வந்ததும் பூச்சு உப்பிப் பெயர்கிறதே என்று சிமெண்ட்டைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள். இந்த மாதிரி வீட்டுக்கு ஒரு தடவை வந்து பார்த்துச் சொல்லும் பதில் அரைகுறை பதில்தான். மழைக்கு முன் ஒரு தடவை, மழைக்குப் பின் ஒரு தடவை பார்க்க ஒப்புக்கொள்ளும் இன்ஜினியர் வேண்டும்.

யார் எதற்கு

நம் ஊரில் சிவில் படித்த எல்லோரையும் இன்ஜினியர் என்றுதான் கூப்பிடுவோம், குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. வீடு கட்டித் தரும் சிவில் இன்ஜினியர், பிளான் அப்ரூவல் வாங்கித் தருபவர், பேங்க் லோனுக்கு மதிப்புப் போடும் வேல்யூயர் எல்லோரும் அவரவர் வேலையில் கெட்டிக்காரர்களாக இருக்கலாம். ஆனால் பாரம் எங்கிருந்து எங்கே இறங்குகிறது, இந்தப் பீம் எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போடுவது ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வேலை. எம்.இ. அல்லது எம்.டெக். ஸ்ட்ரக்சுரல் படித்திருப்பார், டிசைன் செய்வதே தொழிலாக இருக்கும். உங்கள் விரிசல் பீம், பில்லர், தளத்தில் இருந்தாலும், சாய்வாக ஏறினாலும் இவர்தான் உங்கள் ஆள்.

அஸ்திவாரம் இறங்குகிறது என்று அவருக்குச் சந்தேகம் வந்தால் அடுத்து ஜியோடெக்னிக்கல் இன்ஜினியர், அதாவது மண் பரிசோதனை செய்பவர். நீங்களாக முதலில் இவரிடம் போக வேண்டாம். எங்கே துளை போடுவது, எவ்வளவு ஆழம் என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் சொல்லட்டும். பல வீடுகளில் மண்ணில் தப்பே இருக்காது. செப்டிக் டேங்கோ மழைநீர்க் குழாயோ கசிந்து அஸ்திவாரத்துக்குக் கீழே மண்ணை அரித்திருக்கும், அல்லது சுவரை ஒட்டி வளர்ந்த பெரிய மரம் களிமண்ணின் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். நல்ல இன்ஜினியர் வீட்டைச் சுற்றி ஒரு ரவுண்டு நடக்கும்போதே இதைப் பிடித்துவிடுவார்.

ஆர்க்கிடெக்ட் விரிசலுக்கு ஆள் இல்லை, ஆனால் தெரிந்த ஆர்க்கிடெக்ட் இருந்தால் அவரிடம் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பெயர் கேளுங்கள். அவர் டிசைனுக்குக் கணக்குப் போட்டுத் தருபவர் ஒருவர் இருப்பார், தினமும் வேலை வாங்கிப் பார்த்தவர் என்பதால் அந்தச் சிபாரிசுக்கு எடை உண்டு. வாஸ்து பார்ப்பவரை இந்த விஷயத்தில் விட்டுவிடுங்கள். ஈசானிய மூலையில் விரிசல் வந்தாலும் அதற்குக் காரணம் அங்கே இருக்கும் தண்ணீர்த் தொட்டிக் கசிவாகத்தான் இருக்கும்.

எங்கே தேடுவது

டாக்டருக்கு மெடிக்கல் கவுன்சில் பதிவு உண்டு, ஆர்க்கிடெக்டுக்கு 1972ம் வருஷச் சட்டப்படி பதிவு உண்டு. இன்ஜினியர்களுக்கு நாடு முழுமைக்கும் அப்படி ஒரு பதிவுச் சட்டம் நம்மிடம் இல்லை, அதனால் யார் வேண்டுமானாலும் விசிட்டிங் கார்டில் ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட் என்று அடித்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுவது 2019ல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். அதன்படி ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், ஜியோடெக்னிக்கல் இன்ஜினியர் எல்லோரும் தகுதி, அனுபவம் காட்டிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு செய்வது சென்னைப் பகுதிக்கு சிஎம்டிஏ (பெருநகர வளர்ச்சிக் குழுமம்), மற்ற ஊர்களுக்கு டிடிசிபியும் (நகர் ஊரமைப்பு இயக்ககம்) உள்ளாட்சிகளும். சிஎம்டிஏ இணையதளத்தில் பதிவு பெற்றவர்கள் பட்டியல் கிடைக்கும். அதில் 'ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்' என்ற பிரிவைப் பாருங்கள், வெறும் 'ரெஜிஸ்டர்டு இன்ஜினியர்' என்ற பிரிவு வேறு. பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம், பதிவு இன்னும் நடப்பில் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு என் முதல் யோசனை பக்கத்தில் இருக்கும் நல்ல இன்ஜினியரிங் காலேஜ். கிண்டி, திருச்சி என்ஐடி, கோவை பிஎஸ்ஜி, மதுரை தியாகராஜர் மாதிரி பழைய காலேஜ்களில் சிவில் துறை கன்சல்டன்சி வேலை எடுத்துச் செய்யும். துறைத் தலைவருக்கு ஒரு லெட்டர், கூட நாலைந்து போட்டோ வைத்து அனுப்பினால் வழி சொல்வார்கள். பதில் வர நாளாகும், ஃபீஸும் கொஞ்சம் கூடத்தான். ஆனால் அவர்களுக்கு உங்களிடம் விற்க எதுவும் கிடையாது, லெட்டர்ஹெட்டில் வரும் ரிப்போர்ட்டுக்கு மதிப்பும் அதிகம். சென்னையில் ஐஐடி, தரமணியில் கட்டமைப்பு ஆராய்ச்சி மையமான எஸ்இஆர்சி போன்ற இடங்களுக்குப் பெரிய கட்டடம், பெரிய தகராறு என்றால் போகலாம், ஒரு வீட்டு ஜன்னல் மூலை விரிசலுக்கு அவ்வளவு தூரம் தேவையில்லை. மாவட்டத் தலைநகர்களில் பெரும்பாலும் சிவில் இன்ஜினியர்கள் சங்கம் ஒன்று இருக்கும், அங்கே போய் "டிசைன் மட்டும் செய்கிறவர், கான்ட்ராக்ட் எடுக்காதவர் யார்?" என்று கேளுங்கள். கேள்வியை இப்படியே கேட்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கே முதலில் உட்கார்ந்திருப்பவர் நம்பரைத்தான் கொடுப்பார்கள்.

போனில் கேட்க வேண்டியது

சார், நீங்கள் ரிப்பேர் வேலையும் எடுத்துச் செய்வீர்களா? இதுதான் முதல் கேள்வி. ஆமாம் என்றால் அவர் கெட்டவர் என்றில்லை, "நீங்கள் பார்த்து ரிப்போர்ட் மட்டும் கொடுங்கள், வேலையை வேறு ஆளிடம் கொடுப்பேன்" என்று அப்போதே சொல்லிவிடுங்கள். அதற்கு அவர் குரல் எப்படி மாறுகிறது என்று கவனித்தாலே பாதி தெரிந்துவிடும். அடுத்து, பழைய கட்டடம் பார்த்த அனுபவம் இருக்கிறதா என்று கேளுங்கள், ஏனென்றால் புதுக் கட்டடம் டிசைன் செய்வதும் பழைய கட்டடத்தில் என்ன நோய் என்று கண்டுபிடிப்பதும் ஒரே கைப்பழக்கம் இல்லை. மெட்ராஸ் டெரஸ் (மர உத்திரத்தின்மேல் செங்கல் அடுக்கிய பழைய கூரை) போட்ட வீடு, சுண்ணாம்புச் சுவர் வீடு என்றால் அதை முதலிலேயே சொல்லி, அந்த மாதிரி வீடு பார்த்திருக்கிறாரா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

விசிட் ஃபீஸ், ரிப்போர்ட் ஃபீஸ், டெஸ்ட் செலவு மூன்றும் தனித்தனி, மூன்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். நேரில் அவரே வருவாரா, ஆபீஸ் பையனை அனுப்புவாரா என்பதையும் கேட்டுவிடுங்கள். போட்டோ அனுப்பச் சொல்லிப் பார்ப்பவர் நல்லவர். போட்டோவை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவரை விட்டுவிடுங்கள்.

வந்தவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள்

நேராக விரிசலிடம் போய் நிற்பவரைவிட, வீட்டைச் சுற்றி வந்து, மாடி ஏறி, தண்ணீர்த் தொட்டி எங்கே உட்கார்ந்திருக்கிறது, கைப்பிடிச் சுவர் ஓரம் தண்ணீர் தேங்குகிறதா, பக்கத்து மனையில் பள்ளம் தோண்டியிருக்கிறார்களா என்றெல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் விரிசலுக்கு வருபவர் தேவலை. வீடு எந்த வருஷம் கட்டியது, பிளான் இருக்கிறதா, மேல்மாடி பிறகு எழுப்பியதா, நடுவில் எந்தச் சுவரையாவது இடித்தீர்களா என்று துருவித் துருவிக் கேட்பார். பொய் சொல்லாதீர்கள். கிச்சனைப் பெரிதாக்க ஒரு சுவரை எடுத்திருந்தால் அதைச் சொல்லுங்கள், அவர் கார்ப்பரேஷனில் போய்ச் சொல்லப்போவதில்லை.

டெஸ்ட் என்று வந்தால் எதற்கு எது என்று தெரிந்துகொண்டு சம்மதியுங்கள். சுத்தியல் போலத் தட்டிப் பார்க்கும் ரீபவுண்ட் ஹேமர், ஒலி அலை செலுத்திப் பார்க்கும் அல்ட்ராசோனிக் டெஸ்ட் இரண்டும் காங்கிரீட்டின் தரத்தைப் பார்க்க, செங்கல் சுவர் ஏன் வெடித்தது என்று அவை சொல்லாது. ஹேமர் டெஸ்ட் மேல்தோலை மட்டும்தான் பார்க்கும், பழைய காங்கிரீட்டில் மேற்பரப்பு இறுகிப்போய் உண்மையைவிட நல்ல எண்ணைக் காட்டவும் கூடும். சன்ஷேடோ பீமோ உதிர்கிறது என்றால் கேட்க வேண்டிய மலிவான சோதனை ஒன்று உண்டு: புதிதாக உடைத்த காங்கிரீட் முகத்தில் பினாப்தலின் என்ற ரசாயனத்தைத் தெளிப்பது. நல்ல காங்கிரீட் பளிச்சென்று ரோஸ் கலராகும், காற்றுப் பட்டுக் காரத்தன்மை போன பகுதி கலர் மாறாமல் அப்படியே நிற்கும். கலர் மாறாத பகுதி கம்பிவரை போயிருந்தால், வெளியே விரிசல் இல்லாத இடத்திலும் கம்பிக்கு இனிப் பாதுகாப்பில்லை என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். கோர், அதாவது காங்கிரீட்டிலிருந்து உருளையாகத் துளைத்து எடுக்கும் மாதிரி, எடுக்க வேண்டும் என்றால் காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456 படி குறைந்தது மூன்று எடுக்க வேண்டும், ஒன்றை எடுத்து முடிவு சொல்வதை ஏற்காதீர்கள். லேப், பரிசோதனைக் கூடங்களுக்குச் சான்று தரும் என்ஏபிஎல்லின் அங்கீகாரம் பெற்றதா என்று பார்க்கவும்.

கடைசியில் கையில் வர வேண்டியது எழுத்தில், கையெழுத்தும் பதிவு எண்ணும் உள்ள ரிப்போர்ட். அதில் விரிசல்களின் படம், அகலம், காரணம் என்ன என்று அவர் நினைக்கிறார், ஏன் அப்படி நினைக்கிறார், இப்போது ஆபத்து உண்டா, என்ன செய்ய வேண்டும், எதை முதலில் செய்ய வேண்டும் என்று இருக்க வேண்டும். "எபாக்ஸி இன்ஜெக்‌ஷன் செய்யவும்" என்று ஒற்றை வரியில் முடிந்து, பக்கத்தில் ஒரே ஒரு கம்பெனியின் பிராண்ட் பெயர் மட்டும் எழுதியிருந்தால் கமிஷன் வாசனை அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நகர்ந்துகொண்டிருக்கும் விரிசலில் இறுகிப்போகும் பசையான எபாக்ஸியை ஏற்றினால் அது பக்கத்திலேயே புதிதாக ஒன்றைத் திறக்கும், அதனால் விரிசல் நின்றுவிட்டதா என்பதைப் பற்றி ரிப்போர்ட்டில் ஒரு வரியாவது இருக்க வேண்டும். அந்த ரிப்போர்ட்டை வைத்து இரண்டு மூன்று பேரிடம் ரேட் வாங்குங்கள். வேலை நடக்கும்போது ஒருமுறையும் முடிந்ததும் ஒருமுறையும் இன்ஜினியர் வந்து பார்க்கத் தனியாக ஃபீஸ் பேசிக்கொள்ளுங்கள், அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

பக்கத்து மனையும் அபார்ட்மென்டும்

பக்கத்தில் யாராவது பழைய வீட்டை இடித்து பேஸ்மென்ட் தோண்டப் போகிறார்கள் என்று தெரிந்தால், விரிசல் வருவதற்கு முன்பே இன்ஜினியரை அழைத்து வந்து வீட்டின் இன்றைய நிலையை ரூம் ரூமாகப் போட்டோவோடு எழுதி வாங்கிவிடுங்கள். பின்னால் "இது முன்னாடியே இருந்த கிராக்" என்று அவர்கள் சொல்வதற்கு இதைத் தவிர வேறு பதில் உங்களிடம் இருக்காது. அதன் நகலை அவர்களுக்கும் கார்ப்பரேஷன் அல்லது பஞ்சாயத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

அபார்ட்மென்ட்டில் உங்கள் பெட்ரூமில் தெரியும் பீம் உங்களுடையது மட்டும் இல்லை, அதனால் தனியாக ஆளை வைத்துக் கொத்த ஆரம்பிக்காமல் அசோசியேஷன் மூலமாகவே ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைப் போடுங்கள். ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவான புராஜெக்ட் என்றால், சாவி கொடுத்த தேதியிலிருந்து 5 வருஷத்துக்குள் கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ குறை என்று எழுதிக் கொடுத்தால் 30 நாளுக்குள் பில்டர் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 14(3) பிரிவு சொல்கிறது. அந்தக் கடிதத்தோடு இணைக்கும் ரிப்போர்ட் பில்டர் அனுப்பிய இன்ஜினியருடையதாக இருக்கக் கூடாது. நாலாவது வருஷம் முடியும்போதாவது ஒருதடவை கார் பார்க்கிங்கில் இறங்கி, பில்லர் அடி, ராம்ப், சம்ப் சுவர் எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள், அங்கே யாரும் பட்டி பார்த்து மறைத்திருக்க மாட்டார்கள்.